ஸோலாவின் ‘பணம்’: சக்கார் ஏன் விழுந்தான்? கேள்வி பதில்

1891-இல் வந்த எமில் ஸோலாவின் பிரெஞ்சு நாவல் பற்றிய கேள்விகளுக்கு என் பதில்கள். பாரிஸில் யுனிவர்சல் வங்கியைத் தொடங்கி, அது நொறுங்கிச் சிறைக்குப் போகும் சக்கார்தான் நாயகன்.

கே: சக்கார் வெறும் மோசடிக்காரன்தானே?

ப: மோசடி செய்தான், சரி. ஆனால் வெறும் மோசடிக்காரன் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். இவன் கடைசிவரை தன் யுனிவர்சல் வங்கியின் பங்கை வாங்கிக்கொண்டே இருந்தான். நிலத் தொழிலில் நொடித்தவன், அமைச்சரான அண்ணனும் கைவிட்டாயிற்று. யூத வங்கியாளர் குண்டர்மானை வீழ்த்தி பாரிஸ் பங்குச் சந்தையை ஆள வேண்டும் என்பதுதான் அவன் வெறி.

கே: இது உண்மைக் கதையா?

ப: யூனியன் ஜெனரால் வங்கி 1882-இல் திவாலானதை வைத்து எழுதியது. கதையை மட்டும் 1860-களுக்கு நகர்த்திவிட்டார்.

கே: சார், சக்காரின் கள்ளக் காதலி சாண்டோர்ஃப் சீமாட்டி, அவன் பணம் தீர்ந்துவிட்டதைக் குண்டர்மானிடம் காட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால்?

ப: சற்றுத் தாமதமாக விழுந்திருப்பான். 500 பிராங்குக்கு வெளியிட்ட பங்கு 3000-ஐத் தாண்டியது. ஏற்றிவிட்டது யார்? வங்கியே, பினாமி பெயர்களில், தன் பணத்தைப் போட்டு. அந்தப் பக்கங்களைத் தயவுசெய்து தாண்டிப் படிக்காதீர்கள்.

கே: ஒப்புக்கொள்ள மாட்டேன். பங்கு விலை இறங்கும் என்று பந்தயம் கட்டிய குண்டர்மானே கோடிக்கணக்கில் நட்டப்பட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தார். அவள் சொன்ன செய்திதான் அவரை நிமிர்த்தியது.

ப: நல்ல மறுப்பு. அவர் தடுமாறியது உண்மை. சரி, விலகியே போனார் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் 3000 பிராங்கில் யார் வாங்குவார்கள்? வைத்திருப்பவர்கள் ஒருநாள் காசாக்க வருவார்கள். அன்று வாங்குவதற்கு வங்கியிடம் இருப்பது அவர்களே போட்ட முதல்தான். பங்கின் மதிப்புக்கு மேல் ஏறிய விலை இறங்கியே தீரும் என்ற கணக்கில்தான் குண்டர்மான் விற்றுக்கொண்டே வந்தார். சீமாட்டி சொன்னது, எதிராளியின் கஜானா காலி என்ற தகவல். காலி செய்தது அவள் இல்லையே! கடைசி நாளில் கைகொடுப்பதாகச் சொன்ன கூட்டாளி டேக்ரமோன் விற்றதும் அப்படித்தான். வீழ்ச்சியை ஒரு பெண்ணின் தலையில் கட்டினால், சக்காரின் கணக்குப் புத்தகத்தை நாம் திறக்காமலே மூடிவிடுகிறோம்.

கே: குண்டர்மான்மேல் ஏன் அத்தனை வெறுப்பு?

ப: யூத வெறுப்பு. யூதர்களும் மற்றவர்களைப் போல மனிதர்கள்தான் என்று சக்காரைக் காதலிக்கும் கரோலின் அவனிடமே சொல்கிறாள். அவன் காதில் ஏறவில்லை.

கே: அலுவலகச் சேவகர் தெஜ்வா ஏன் நேரத்தோடு விற்கவில்லை?

ப: நாவலிலேயே என்னை அதிகம் வாட்டுபவர் இவர்தான். எட்டுப் பங்கு வாங்கியது மகள் நத்தாலியின் வரதட்சணைக்கு. 6000 பிராங்க் வேண்டும். பங்கு 750-ஐத் தொட்டபோதே அது கையில் வந்துவிட்டது. அப்புறம் தன் முதுமைக்கும் கொஞ்சம் வேண்டுமே என்று தோன்றுகிறது. இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினமும் முதலாளியின் கதவருகே நின்று அவர் முகத்தைப் பார்த்து நம்பியவர். பணமும் போய், மகளும் வீட்டைவிட்டுப் போனாள்.

கே: சீமாட்டி துரோகம் செய்யாவிட்டால் சக்கார் ஜெயித்திருப்பானா?

ப: மேலே படியுங்கள். பினாமிப் பங்குகள்.

கே: இதைப் படித்து இன்று எந்தப் பங்கை விற்கலாம்?

ப: அதற்குப் பதிவுபெற்ற ஆலோசகரிடம் போங்கள்.

கே: எல்லாம் தெரிந்தும் கரோலின் ஏன் அவனை வெறுக்கவில்லை?

ப: அவள் அண்ணன் வரைந்த கிழக்கு நாட்டுத் திட்டங்கள், அந்த ரயில் பாதை, கப்பல், வெள்ளிச் சுரங்கம் எல்லாம் சக்காரின் பணத்தால்தான் காகிதத்தைவிட்டு எழுந்தன. வீழ்ச்சியில் நொடித்த பங்குத் தரகர் மாஸோ தன்னைத் தானே சுட்டுக்கொண்டதையும் அவள் அறிவாள். இரண்டையும் தெரிந்துகொண்டேதான் சிறையில் அவனைப் பார்க்கப் போகிறாள். அங்கேயும் அவன் அடுத்த திட்டம் பேசுகிறான்.