காளான் வரும் மாசத்தில் வெயில் வராது: காட்டுக் காளானை எடுத்து வைப்பது பற்றிக் கேள்வி பதில்

ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்து, ஒரு ராத்திரி இடியும் இடித்துவிட்டால் போதும். குறிஞ்சிப்பாடி, காடாம்புலியூர் பக்கம் முந்திரித் தோப்புகளில் புற்றுக்காளான் தலை நீட்டிவிடும். ஒரே காலையில் 2 கிலோ, 3 கிலோ கிடைக்கும். மறுநாள் போனால் வெறும் செம்மண்தான் இருக்கும். அதனால்தான் எல்லோரும் "இதை எடுத்து வைக்க வழி இருக்கா?" என்று கேட்கிறீர்கள். நான் வளர்ந்தது தோப்புக்குள். இப்போது வில்லியனூரில் சின்னதாகப் பால் காளான் கொட்டகை வைத்திருக்கிறேன். இந்த மழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பண்ருட்டி: அக்கா, நேத்து தோப்புல 2 கிலோ கெடச்சுது. பாதி கொழம்பு வெச்சாச்சு. மீதி பிளாஸ்டிக் கவர்ல கட்டி ஃப்ரிட்ஜ்ல இருக்கு. எத்தனை நாள் தாங்கும்?

முதலில் அந்தக் கவரைப் பிரியுங்கள். பறித்த பிறகும் காளான் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்த ஈரம் கவருக்குள்ளேயே வியர்த்து, மறுநாள் கை வைத்தால் வழவழ என்று இருக்கும். பழைய வேட்டித் துணியிலோ காகிதப் பையிலோ போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். புற்றுக்காளான் அப்படியும் ஒரு நாள்தான் தாங்கும், மிஞ்சினால் இரண்டு. விரிந்த குடையை இன்றைக்கே சமைத்துவிடுங்கள். மூடிய மொட்டுகள் நாளை வரை பொறுக்கும். தண்டை நீளவாக்கில் கீறிப் பாருங்கள், உள்ளே பொடிப் புழு ஓடினால் அதைத் தனியாக ஒதுக்குங்கள். எடுத்து வைக்கத் தேர்ந்தெடுப்பது நல்ல காளானாக இருக்க வேண்டும். தளர்ந்ததை உலர்த்தினால் தளர்ந்த வத்தல்தான் கிடைக்கும்.

கடலூர் முதுநகர்: நாங்க கருவாடு போடற குடும்பம். அதே மாதிரி உப்பு போட்டு வெயில்ல காய வெச்சா ஆகாதா?

பாதி பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. மீனில் உப்பு என்ன வேலை செய்கிறதோ அதையேதான் காளானிலும் செய்யும், தண்ணீரை வெளியே இழுக்கும். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 1 கிலோ காய்ந்தால் 100 கிராம்தான் தேறும். சிக்கல் வெயிலில்தான். கருவாட்டுக்குப் பங்குனி, சித்திரை வெயில் கிடைக்கிறது. காளான் வருவதோ அடைமழையில். பகலில் கொஞ்சம் காய்ந்தது, ராத்திரிக் கடல்காற்றுப் பட்டு விடியும்போது பழையபடி தொய்ந்துபோகும். ஒரு கார்த்திகையில் மொட்டை மாடியில் முறம் முறமாகப் பரப்பினேன். மூன்றாம் நாள் பார்த்தால் காளான் மேலேயே பச்சைப் பூசணம் பூத்திருந்தது. மொத்தத்தையும் குப்பைக்குழியில் கொட்டினேன்.

எங்கள் அம்மா வெயிலை எதிர்பார்த்ததே இல்லை. காளானைக் கீறி, ஊசி நூலில் கோத்து, விறகடுப்புக்கு மேலே சரமாகத் தொங்கவிடுவார். புகை வாடை ஏறிய அந்த வத்தலுக்குத் தனி ருசி. இப்போது விறகடுப்பு யார் வீட்டில் இருக்கிறது?

அதனால் இப்படிச் செய்யுங்கள். கழுவாமல் ஈரத்துணியால் மண்ணைத் துடையுங்கள். வேரில் ஒட்டிய புற்றுமண்ணைக் கத்தியால் சீவி விடுங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் நறுக்குங்கள். மின் உலர்த்தி இருந்தால் 50 முதல் 60 டிகிரியில் ஏழெட்டு மணி நேரம் போதும். இல்லாதவர்கள் அடைத்த அறையில் ஒரு ராத்திரி மின்விசிறிக்குக் கீழே பரப்பிவிட்டு, மறுநாள் ஓவனில் இருப்பதிலேயே குறைந்த சூட்டில், கதவிடுக்கில் ஒரு கரண்டியைச் செருகி ஈரம் வெளியேற விட்டுக் காயவிடலாம். எடுத்தவுடன் அதிகச் சூடு வைத்தால் மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே ஈரம் நின்றுவிடும். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். அப்பளம் மாதிரி சடக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. பாட்டிலில் போட்டு ஒரு வாரம் கண்ணாடியைக் கவனியுங்கள். உள்ளே ஆவி படர்ந்தால் மறுபடி உலர்த்துங்கள்.

நடுவில் எப்போதாவது வெயில் எட்டிப் பார்த்தால், குடையின் அடிச்செதில் பக்கம் மேலே இருக்கும்படி ஒரு மணி நேரம் வையுங்கள். காளானில் இருக்கும் எர்கோஸ்டிரால் வெயில் பட்டு வைட்டமின் டி2 ஆக மாறும். அவ்வளவுக்குத்தான் நம் ஐப்பசி வெயில் உதவும்.

உப்பு வழியும் உண்டு. இதை நான் உப்புக்கண்டம் என்றே சொல்வேன். காளானை 5 நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டுப் பிழிந்து, கிலோவுக்குக் கால் கிலோ கல் உப்பு என்ற கணக்கில் ஜாடியில் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே ஒரு கிண்ணத்தைக் கனமாக வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தண்ணீர் விட்டு அதிலேயே முழுகிக் கிடக்க வேண்டும். சமைக்கும்போது ஒரு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றினால் உப்பு இறங்கும். குழம்புக்குத் தனியாக உப்பு போட்டுவிடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன்.

லாஸ்பேட்டை: பச்சையா ஃப்ரீசர்ல வெச்சேன். எடுத்தா ரப்பர் மாதிரி, கறுப்புத் தண்ணி வேற. என்ன தப்பு?

பச்சையாக வைத்ததுதான். காளானுக்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாக உறைந்து சதையைக் கிழித்துவிடும். கறுக்க வைக்கும் நொதிகளும் குளிரில் சாகாது, தூங்கத்தான் செய்யும். முதலில் சூடு காட்ட வேண்டும். இட்லிப் பானையில் 4, 5 நிமிடம் ஆவி காட்டுங்கள். எனக்குப் பிடித்தது இரும்புச் சட்டி வழி. எண்ணெய் இல்லாமல் ஒரு சிட்டிகை உப்போடு போட்டால் காளான் தானாகத் தண்ணீர் விடும். அது சுண்டும் வரை வதக்கி ஆறவிடுங்கள். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று தட்டையாகப் பரப்பிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் அடுத்த ஆடி வரைக்கும் இருக்கும். சமைக்கும்போது கரைய விடாமல், கட்டியாகவே கொதிக்கிற குழம்பில் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' என்ற புயல் அடித்தபோது, அந்த வருசத்துக் காளான் முழுவதும் என் ஃப்ரீசரில் இருந்தது. நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. தோப்பில் மரம் சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு அந்தப் பொட்டலங்களைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, ஆனாலும் போட்டோம். கரைந்து சூடேறிவிட்டதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. அன்றிலிருந்து பாதியை வத்தலாகவும் பாதியை உறையவைத்தும் பிரித்துத்தான் வைக்கிறேன்.

குருசுக்குப்பம்: பாரீஸ்ல இருக்கற மாமா காஞ்ச செப் காளான் ஒரு பொட்டலம் கொண்டாந்தார். என்ன மணம்! நம்ம புத்துக்காளான் காஞ்சா ஏன் அந்த மணம் வரல?

இரண்டும் வேறு சாதி. செப் என்பது ஐரோப்பியக் காட்டுக் காளான். செப் காளானுக்குக் காயக் காய மணம் கூடும், பச்சையைவிட வத்தலுக்கே அங்கே மதிப்பு அதிகம். புற்றுக்காளானுக்குப் பெருமையே அதன் கோழிக்கறிச் சதைதான். உலர்த்தினால் அது கொஞ்சம் தோல் மாதிரி ஆகிவிடும். ஆனால் ஊறவைத்த தண்ணீரில் சாறு இறங்கும். அதனால் புற்றுக்காளான் வத்தலைக் கடித்துத் தின்னும் கறியாக நினைக்காமல், குழம்புக்கு ருசி கூட்டும் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். மிக்சியில் பொடித்து ரசத்தில் அரை ஸ்பூன் போட்டுப் பாருங்கள்.

மாமாவிடம் இன்னொன்றும் கேளுங்கள். பிரான்ஸில் காட்டில் பறித்த காளானைக் கூடையோடு மருந்துக்கடைக்குக் கொண்டுபோய், அங்கே இருக்கும் மருந்தாளரிடம் காட்டிக் கேட்கும் வழக்கம் உண்டு. நமக்கு அந்த வசதி இல்லை என்பது அடுத்த கேள்விக்கு முக்கியம்.

திருப்பாதிரிப்புலியூர்: வெள்ளிக் காசு போட்டு வேகவெச்சுக் கறுக்கலைன்னா நல்ல காளான்னு எங்க மாமியார் சொல்றாங்க. சந்தேகமா இருந்தா நல்லா காயவெச்சுட்டா விஷம் போயிடும்னும் சொல்றாங்க. சரியா அக்கா?

இரண்டும் தப்பு. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆனால் கட்டாயம் சொல்லுங்கள். வெள்ளிக் காசு, மஞ்சள், பூண்டு, அரிசி எதுவும் விஷத்தைக் காட்டாது. நத்தை தின்றிருக்கிறது, பூச்சி கடித்திருக்கிறது என்பதும் சாட்சி ஆகாது, அதன் உடம்பு வேறு நம் உடம்பு வேறு. அமானிட்டா என்ற காளான் இனத்தில் சிலவற்றில் அமாடாக்ஸின் என்ற விஷம் இருக்கிறது. வேகவைத்தாலும், காயவைத்தாலும், உறையவைத்தாலும் அது போகாது. தின்று 6 மணி நேரத்துக்கு மேல், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். நடுவில் ஒரு நாள் தெளிந்த மாதிரி இருக்கும். அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

நம் பக்கம் மழைக்குப் பிறகு புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதிலோடு ஒன்று முளைக்கும். பார்க்க அழகாக இருக்கும், தின்றால் சில மணி நேரத்தில் குடலைப் புரட்டி எடுத்துவிடும். அதன் அடிச்செதில் முதிர முதிரப் பச்சை பாயும். ஒரு குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணத்தை மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். பச்சைப் பொடி விழுந்தால் அதுதான் இது. புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்புப் பொடி விழும். அதோடு கூம்பின் உச்சியில் கெட்டியான ஒரு முனை, தோண்டினால் புற்றுக்குள் இறங்கும் நீள வேர், இவை எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நான் கூடையில் போடமாட்டேன். அடியில் முட்டை ஓடு மாதிரி உறையோடு வருகிற மொட்டு, தின்னக்கூடிய வைக்கோல் காளானாகவும் இருக்கலாம், அமானிட்டாவாகவும் இருக்கலாம். அதைப் பழகாதவர்கள் தொடவே வேண்டாம்.

எடுத்து வைப்பவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. நறுக்கி உலர்த்தியபின் எந்தக் காளானும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆறு மாதம் கழித்து "இது எது?" என்று பாட்டிலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அடையாளம் பார்ப்பதை நறுக்குவதற்கு முன்பே முடித்து, இடத்தையும் தேதியையும் ஒட்டி வையுங்கள். தின்ற பிறகு சந்தேகம் வந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தான். மிச்சம் இருக்கும் காளானை மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.

நெய்வேலி: ஆவக்காய் மாதிரி நல்லெண்ணெய்ல முழுக்கி ஊறுகாய் போட்டு வெளியிலேயே வெக்கலாமா?

வேண்டாம். மாங்காயில் புளிப்பு இருக்கிறது, காளானில் இல்லை. புளிப்பில்லாத பொருளைக் காற்றுப் படாமல் எண்ணெயில் முழுக்கினால், மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி வளர இடம் கொடுக்கிறீர்கள். அதன் வித்து 100 டிகிரிக் கொதிநீரில் சாகாது. அது விடும் விஷத்துக்கு வாடை இருக்க வேண்டும் என்றும் இல்லை. புளிப்பை அளக்கும் பி.ஹெச் எண் (புளிப்பு கூடக் கூட இது குறையும்) 4.6-க்குக் கீழே இறங்கினால்தான் அது அடங்கும். ஆசைப்பட்டால் வேகவைத்த காளானைத் தண்ணீர் கலக்காத வினிகரில் கொதிக்கவிட்டு, பிறகு தாளித்து, ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். இதே காரணத்தால் வீட்டுக் குக்கரில் பாட்டில் அடைக்கும் வேலையும் வேண்டாம்.

பாகூர்: காளான் வறுவல் சரக்குக்கு நல்ல சைட் டிஷ்தானே அண்ணி?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மைக்காளான் வகையில் சிலவற்றில் கோப்ரின் என்ற பொருள் உண்டு. அதைத் தின்று சில நாட்களுக்குள் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். மைக்காளான் எப்படியும் சில மணி நேரத்தில் கறுப்பு மையாகக் கரைந்துவிடும், எடுத்து வைக்க உதவாது. பழகாத காட்டுக் காளானை முதல் தடவை தின்னும்போது குடிக்காதீர்கள், கொஞ்சமாகவும் தின்னுங்கள்.

விருத்தாசலம்: வத்தல் பாட்டில்ல வண்டு விழுந்துடுச்சு.

அதைக் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை உலர்த்தியவுடன் மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டைகள் சாகும். பெரிய பாட்டில் ஒன்றுக்குப் பதிலாகச் சின்னது ஐந்தாறு. மழை நாளில் திறக்காதீர்கள்.

சேத்தியாத்தோப்பு: புத்துக்காளானையே வளர்த்துட்டா இந்தப் பாடெல்லாம் எதுக்கு?

கரையானைச் சம்மதிக்க வையுங்கள். புற்றுக்குள் கரையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்துதான் அது வருகிறது. அதைக் கொட்டகையில் விளைவிக்க இன்னும் வழி கிடைக்கவில்லை. பால் காளான் வளரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் நம் வெக்கைக்கு ஒத்துப்போகிறது. என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. ருசி புற்றுக்காளான் கிட்டே வராது, வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

பண்ருட்டி: சரி அக்கா, வத்தல் போட்டாச்சு. கொழம்பு எப்படி?

ஒரு கைப்பிடி வத்தலை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், கொஞ்சம் தேங்காய் வதக்கி அரையுங்கள். ஊறிய காளானை நல்லெண்ணெயில் வதக்கி, வெந்த மொச்சையோடு சேர்த்து, மசாலா விட்டு, ஊறிய தண்ணீரையே ஊற்றி இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். புளி கொஞ்சமாக. அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், அடியில் நிற்கும் கடைசி இரண்டு கரண்டியை விட்டுவிடுங்கள். எவ்வளவு துடைத்தாலும் தோப்புச் செம்மண் அங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கும்.