மனச்சிதைவுக்கு மரபணு பார்த்து மருந்து: டர்பன் குடும்பங்கள் கேட்டவை

மனநல வார்டில் 26 வருடம் செவிலியாக இருந்தேன். கடைசிச் சில வருடங்கள் மருந்து ஆய்வுகளிலும் வேலை. போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்பு முடிந்த பிறகு ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் பற்றிப் பேசினேன். நேரம் போதவில்லை. துண்டுச்சீட்டில் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். யார் பெயரையும் போடவில்லை.

அக்கா, அமெரிக்காவில் ஒரு அம்மாவுக்கும் மகனுக்கும் மரபணுவைப் பார்த்து மருந்து கொடுத்துக் குணமாச்சாம். என் பிள்ளைக்கும் அது கிடைக்குமா? (சாட்ஸ்வொர்த்)

செய்தி உண்மைதான் அம்மா. ஆனால் முழுக்கக் குணமாகவில்லை, நன்றாகக் குறைந்தது. பாஸ்டன் பக்கத்து மெக்லீன் மருத்துவமனையில் நடந்த ஆய்வு, 2019-ல் வெளியானது. ஜிஎல்டிசி என்ற மரபணு நமக்கெல்லாம் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு இருக்கும். அந்த இருவருக்கும் நான்கு இருந்தன. கிளைசின் என்ற பொருளை உடைப்பதுதான் அந்த மரபணுவின் வேலை. மூளைச் செல்களில் செய்தியை வாங்கிக்கொள்ளும் என்எம்டிஏ ஏற்பி என்று ஒன்று உண்டு. அது வேலை செய்ய குளுட்டமேட் என்ற செய்திப் பொருள் மட்டும் போதாது, கிளைசினும் கூட வேண்டும். உடைக்கிற மரபணு இரட்டிப்பானால் கிளைசின் குறையும் என்று கணக்குப் போட்டு, வழக்கமான மருந்தோடு கிளைசினையே கொடுத்தார்கள். இன்னொரு கட்டத்தில், காசநோய்க்குக் கொடுக்கிற, கிளைசினைப்போலவே அந்த ஏற்பியில் வேலை செய்யும் டி-சைக்ளோசெரினைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே உதவின.

இதையும் கேளுங்கள். 2007-ல் வெளியான வேறோர் ஆய்வில், மரபணு எதையும் பார்க்காமல் 157 நோயாளிகளை எடுத்துக்கொண்டு இதே இரண்டையும் மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். ஒதுங்கிப்போவது, பேச்சு குறைவது, சிந்தனை மந்தமாவது எதிலும் பலன் தெரியவில்லை. ஊருக்கே கொடுத்தபோது தோற்ற மருந்து, காரணம் தெரிந்த இருவருக்குக் கொடுத்தபோது கைகொடுத்தது. ஸ்கிசோஃப்ரினியா என்று ஒரே பெயரை நாம் பல நோய்களுக்கு வைத்திருக்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

அதனால் கடையில் கிளைசின் பவுடர் வாங்கிப் பாலில் கலக்காதீர்கள். அந்தக் கூடுதல் பிரதி மிக மிக அரிது. பிள்ளையின் ஊசித் தேதி தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் மரபணுச் சோதனை எடுத்துவிடலாமே? (ஃபீனிக்ஸ்)

எல்லோருக்கும் எடுத்தால் பெரும்பாலோருக்குப் பயன்படுகிற பதில் வராது. 2022-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளைப் பாருங்கள். 76,755 நோயாளிகளை வைத்துத் தேடியதில், நோய் ஆபத்தைத் துளித்துளியாகக் கூட்டுகிற 287 இடங்கள் டிஎன்ஏவில் அகப்பட்டன. 24,248 நோயாளிகளை வைத்துத் தேடிய மற்றதில், பழுதானால் ஆபத்தைப் பெரிதாகக் கூட்டும் 10 மரபணுக்கள் அகப்பட்டன. அந்தப் பத்தில் எதற்கும் தனி மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

ஆனால் சிலருக்குக் கட்டாயம் கேட்டு எடுக்க வேண்டும். வார்டில் ஒரு பையன் இருந்தான். பேச்சு மூக்கால் வரும். சட்டை மாற்றிவிடும்போது பார்த்தேன், நெஞ்சு நடுவில் நீளமாக ஒரு பழைய தழும்பு, குழந்தையில் செய்த இதய அறுவை. பள்ளியிலும் பின்தங்கியவன் என்றார் அம்மா. டாக்டரிடம் மூன்றையும் சேர்த்துச் சொன்னேன். சோதித்தால் 22-ஆம் குரோமோசோமில் 22கியூ11.2 என்ற துண்டு இல்லை. இந்தக் குறை உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. அது தெரிந்ததால் கால்சியம் பார்த்தோம், குறைவாக இருந்தது. சரிசெய்தோம். மற்ற மருந்துகளுக்குக் கேட்காதபோது கொடுக்கும் குளோசபினால் இவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம், அதனால் அளவை மெல்ல ஏற்றினார்கள். மரபணு பார்த்து வைத்தியம் என்றால் இன்றைக்கு நம் கைக்கு எட்டுவது இந்த அளவு. அந்தப் பையனுக்கு அது சின்ன விஷயமில்லை.

தங்கைக்கு நிச்சயம் பேசுகிறோம். மாப்பிள்ளையின் அண்ணனுக்கு இந்த நோய். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? (வெருலம்)

வேண்டாம் தம்பி, அதற்காகத் தட்டிக்கழிக்காதீர்கள். பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருகிற நோய் இது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. பெரியப்பாவுக்கு மட்டும் இருந்தால் நூற்றில் மூன்று, நான்கு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டுவதில்லை. மறைக்காமல் சொன்ன வீடு அது, நல்ல வீடு.

ஆய்வெல்லாம் வெள்ளைக்காரர் ரத்தத்தில்தானே? (கேப் டவுன் மாணவி)

பெரும்பகுதி அப்படித்தான், அது எனக்கும் ஆறாத வருத்தம். ஆனால் இந்த நாட்டிலேயே கோசா என்ற ஆப்பிரிக்க இன மக்களில் 909 நோயாளிகளையும் 917 நோயில்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வந்தது. நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளுக்கான மரபணுக்களில், நோயாளிகளிடம் அரிய பழுதுகள் கூடுதலாக இருந்தன. ஆப்பிரிக்க ரத்தத்தில் மரபணு வேறுபாடு மிக அதிகம். அங்கே தேடினால் உலகத்துக்கே விடை கிடைக்கும்.

நம் ஆட்களும் உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து தென்னிந்தியரிடம் தேடி 2019-ல் ஒரு முடிவை வெளியிட்டது. 8-ஆம் குரோமோசோமில், நியாசின் என்ற வைட்டமினைக் கையாளும் மரபணுவருகே ஓர் அடையாளம். 1860-ல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து இங்கே கொண்டுவந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் ரத்த உறவுக்காரர்கள் அந்தத் தென்னிந்தியர்கள். (நியாசின் மாத்திரை தின்றால் சரியாகும் என்று இதற்கு அர்த்தமில்லை.)

என் அண்ணனை ஓர் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முதலில் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அண்ணன் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் உட்கார்ந்து படியுங்கள். சாஃப்ரா என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் நெறிமுறைக் குழுவும் அனுமதித்த மருந்தாய்வா, வெற்று மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு உண்டா, இப்போதைய மருந்தை நிறுத்தச் சொல்வார்களா, ரத்தத்திலிருந்து எடுத்த டிஎன்ஏவை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். பிறகு ஆய்வு எதற்கு என்று அண்ணனையே அவர் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அன்று கையெழுத்து வேண்டாம். சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான வைத்தியத்தை யாரும் நிறுத்தக்கூடாது.

காவடி எடுத்தால் சரியாகும் என்கிறார் மாமியார். (டோங்காட்)

எடுக்கட்டும், மாத்திரையும் போடட்டும். ஆனால் தைப்பூசம் நம் ஊரில் கொளுத்துகிற கோடையில் வருகிறது. இந்த மருந்துகளில் பல, உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ளும் சக்தியைக் குறைக்கும். தண்ணீர் கொடுத்துக்கொண்டே கூடப் போங்கள்.

எங்கள் மருமகன் ஜூலு. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. வெள்ளை அணு குறைவு என்று குளோசபின் மறுத்துவிட்டார்கள். (உம்லாசி)

இதை அவசரமாகக் கேளுங்கள் அம்மா. குளோசபின் சிலருக்கு வெள்ளை அணுவைக் குறைத்துவிடும், அதனால்தான் மறுத்திருப்பார்கள். ஆப்பிரிக்க வம்சத்தினர் பலருக்கு டஃபி-நல் என்ற மரபணு அமைப்பு உண்டு. அவர்களுக்கு ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் எண்ணிக்கை பிறவியிலேயே குறைவாக இருக்கும், தொற்றை எதிர்க்கும் சக்தி குறைவதில்லை. பழைய ரத்தச் சோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். நோய்க்கு முன்பும் எண்ணிக்கை இப்படித்தான் இருந்ததா என்று பார்த்து, அந்தத் தாள்களோடு டாக்டரிடம் போய், "டஃபி-நல் ஆக இருக்குமா, ரத்தநோய் நிபுணரிடம் கேட்கலாமா" என்று நேராகக் கேளுங்கள்.