கணக்கு மென்பொருளில் ஆடிட் டிரெயில் என்றால் என்ன? அது எதற்கு?

ஒரு பதிவை யார் போட்டார், எப்போது திருத்தினார், முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று மென்பொருள் தானாகவே குறித்து வைக்கும் தடம்தான் ஆடிட் டிரெயில். டேலி என்ற கணக்கு மென்பொருளில் இதை எடிட் லாக் என்பார்கள்.

மளிகைக் கடையின் கடன் நோட்டை நினைத்துப் பாருங்கள். 500 என்று பேனாவில் எழுதியது தப்பென்றால், அண்ணாச்சி குறுக்கே கோடு இழுத்துப் பக்கத்தில் 300 என்று எழுதுவார். கோட்டுக்கு அடியில் பழைய 500 இன்னும் தெரியும். தகராறு வந்தால் அந்தக் கோடுதான் சாட்சி. கணினியில் அப்படி இல்லை. மார்ச் மாதத்து 18,500 ரூபாய் பில்லை ஜூலையில் 13,500 ஆக்கினாலும் திரையில் ஒரு கீறல்கூடத் தெரியாது. அதற்காகத்தான் இந்தத் தடம்.

இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல், மென்பொருளில் கணக்கு வைக்கும் கம்பெனிகளுக்கு இது கட்டாயம். அணைத்து வைக்கவும் கூடாது. தனியாள் நடத்தும் கடைக்கு இந்த விதி இல்லை. ஆனாலும் கணக்கெழுத ஆள் வைத்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்புறம், “இனிமேல் தப்பைத் திருத்தவே முடியாதா?” என்று பலர் பயப்படுகிறார்கள். தாராளமாகத் திருத்தலாம், திருத்திய விவரமும் கூடவே பதிவாகும், அவ்வளவுதான்.