ஸ்கேன் எடுக்காமல் அனுப்பியது சரியா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஞாயிறன்று கிரிக்கெட் ஆடும்போது, பந்தைப் பிடிக்க ஓடி வந்த இன்னொரு சிறுவனுடன் தலை மோதி விழுந்தான். நினைவு தப்பவில்லை. சிறிது நேரம் திகைத்துப்போய் நின்றானாம். தலை சுற்றுகிறது என்றான். ஒரு முறை வாந்தி எடுத்தான். அவசரப் பிரிவில் ஏதேதோ கேட்டுவிட்டு, நான்கு மணி நேரம் உட்கார வைத்து, ஸ்கேன் எடுக்காமலேயே அனுப்பிவிட்டார்கள். மாமியார் இன்றுவரை திட்டுகிறார். நான்கு நாளாகியும் மாலையானால் தலை வலிக்கிறது என்கிறான். இப்போதாவது ஸ்கேன் எடுக்கட்டுமா? பள்ளிக்கு அனுப்பலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: அந்த நான்கு மணி நேரம் வீணாகக் கழிந்ததாக உங்களுக்குத் தோன்றியிருக்கும். உண்மையில் உங்கள் மகனுக்கு நடந்த பரிசோதனையே அதுதான்.

தலையில் அடிபட்ட குழந்தை வந்ததும் நாங்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பார்க்கிறோம். மண்டைக்குள் இரத்தக் கசிவு இருக்குமா என்பது முதலாவது. இதற்குத்தான் சி.டி. ஸ்கேன். 2009இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், தலையில் அடிபட்ட 42,412 குழந்தைகளைக் கவனித்து ஒரு வழிமுறையை வகுத்தார்கள். 2 வயதைத் தாண்டிய குழந்தை குழம்பிப் பேசினாலோ, அரைமயக்கத்தில் இருந்தாலோ, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்த அடையாளம் தெரிந்தாலோ (காதின் பின்னால் கன்றிப்போவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது) தாமதிக்காமல் ஸ்கேன். வாந்தி, நினைவு தப்பியது, கடும் தலைவலி, ஐந்தடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தது போன்றவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். அத்தகையவர்களில் ஆபத்தான மூளைக் காயம் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. கசிவு இருந்தால் அந்த மணிநேரங்களில் தலைவலி ஏறும், வாந்தி தொடரும், குழந்தை சோர்ந்து சரியும். உங்கள் மகன் தேறிக்கொண்டே வந்திருக்கிறான். ஸ்கேனின் கதிர்வீச்சு வளரும் குழந்தைக்குப் பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பைச் சிறிதளவு கூட்டும் என்பதால், 'எதற்கும் ஒன்று எடுத்துவிடுவோம்' என்று எடுப்பதில்லை. எழுதிக் கொடுப்பது எங்களுக்கு எளிது. எடுக்காமல் உட்கார வைத்துத் திட்டு வாங்குவதுதான் கடினம். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி, மூளை அதிர்வு (கன்கஷன்) இருக்கிறதா என்பது. உங்கள் மகனுக்கு இருப்பது பெரும்பாலும் இதுதான். மூளை குலுங்கியதில் அதன் வேலை சில நாட்கள் தடுமாறுகிறது. உருவத்தில் மாற்றம் இல்லாததால் சாதாரண ஸ்கேனில் தெரியாது. அதனால்தான் திகைப்பு இருந்ததா, அடிபட்டது நினைவிருக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா என்றெல்லாம் கேட்டார்கள். ஒரே கோட்டில் நடக்க வைத்தும், சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தும் பார்த்திருப்பார்கள். மாலைநேரத் தலைவலியும் இதோடு பொருந்துகிறது. தலைவலி குறைந்துகொண்டே வந்தால் ஸ்கேன் வேண்டாம். எடைக்கேற்ற அளவு பாராசிட்டமால் போதும்; ஆஸ்பிரின் கூடாது.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது பழைய முறை. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, அதுவரை கைப்பேசியும் தொலைக்காட்சியும் குறைவு. பிறகு மெல்ல நடமாட்டம். நாளையே அரை நாள் பள்ளிக்கு அனுப்பிப் பாருங்கள். தலை வலித்தால் சற்று நேரம் ஓய்வெடுக்க விடும்படியும், இந்த வாரத் தேர்வைத் தள்ளிவைக்கும்படியும் ஆசிரியரிடம் கேளுங்கள். 'தலையில் அடிபட்டால் தூங்க விடாதே' என்பார்கள். மருத்துவர் பார்த்து அனுப்பிய பிள்ளை தாராளமாகத் தூங்கலாம், தூக்கம்தான் அவனுக்கு மருந்து. ஆனால் எழுப்பினால் எழாவிட்டாலும், வாந்தி தொடர்ந்தாலும், தலைவலி கூடிக்கொண்டே போனாலும், வலிப்பு வந்தாலும், பேச்சு குழறினாலும், கை கால் வலுவிழந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். பெரும்பாலான குழந்தைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். அதற்குப் பிறகும் தொந்தரவு நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிரிக்கெட்டுக்கு மட்டும் அவசரம் வேண்டாம். முழுநாள் பள்ளி தலைவலியின்றிக் கழிய வேண்டும். பிறகு மெதுவான ஓட்டம், அடுத்து தனியாகப் பந்துவீச்சுப் பயிற்சி, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். வலி திரும்பினால் ஒரு படி இறங்குங்கள். முதல் அதிர்வு ஆறுமுன் மறுபடி அடிபட்டால் மூளை மோசமாக வீங்கலாம். அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. அணியில் ஆள் குறைகிறது என்று தெருப் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சம்மதிக்கும்வரை, அவனை ஸ்கோர் எழுத மட்டும் அனுப்புங்கள்.