ரவுட்டர்ல ஹார்ட் டிஸ்க் குத்துறவங்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, வீட்டுல டிபி லிங்க் டபிள்யூஆர்841என் பழைய ரவுட்டர் ஒண்டு சும்மா கிடக்கு. அதுக்கு ஓபன்டபிள்யூஆர்டி (கம்பனி சொஃப்ட்வெயாருக்குப் பதிலா ரவுட்டர்ல போடுற இலவச லினக்ஸ் சொஃப்ட்வெயார்) போட்டு பென்ட்ரைவ் குத்தி ஏ.எல் பாட வீடியோவெல்லாம் அதுல வச்சா, நானும் தங்கச்சியும் டேட்டா செலவில்லாம பார்க்கலாம்தானே? எப்படிப் போடுறது?
- உயர்தர மாணவன், கல்லடி

பதில்: யோசனை நல்லம் தம்பி, பெட்டிதான் சரிவராது. முதல்ல பின்பக்கத்தத் திருப்பிப் பாருங்க, அந்த மொடல்ல யூஎஸ்பி துளையே இல்ல. மத்தது, அதுட பழைய வேர்ஷன் பலதுல ஃபிளாஷ் (சொஃப்ட்வெயார் இருக்கிற இடம்) 4 எம்பி, ராம் 32 எம்பிதான், இப்ப வாற ஓபன்டபிள்யூஆர்டி அதுக்குள்ள அடங்காது. 8 எம்பியும் 64 எம்பியும் இருக்கிறதுகூட இழுத்துப்பறிச்சுத்தான் ஓடும். ஆகவே 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம், யூஎஸ்பி துளை, இந்த மூண்டும் இருக்கிற பாவிச்ச ரவுட்டர் ஒண்டத் தேடுங்க. ஆர்ச்சர் சி7 வேர்ஷன் 2 மாதிரி ஒண்டு கிடைச்சா போதும். கடையில வாங்க முதல் அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல வேர்ஷன் நம்பரப் பாருங்க, ஒரே பேர்ல வாற பெட்டிக்குள்ள வேர்ஷனுக்கு வேர்ஷன் வேற சிப் கிடக்கும், பேரை மட்டும் நம்பி ஃபைல் இறக்கினா பெட்டி செத்துப்போகும். எந்த வேர்ஷனுக்கு எந்த ஃபைல் எண்டு ஓபன்டபிள்யூஆர்டிட ஹார்ட்வெயார் பட்டியல்ல போட்டிருக்கு. கடல்கரைப் பக்கம் இருந்த பெட்டியெண்டா யூஎஸ்பி துளைக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாக்கவும் மறக்காதீங்க, உப்புக்காத்து அதத்தான் முதல்ல திங்கும்.

ஃபேக்டரி எண்டு ஒரு ஃபைல், சிஸ்அப்கிரேட் எண்டு ஒரு ஃபைல் இருக்கும். கம்பனி சொஃப்ட்வெயார்ல இருந்து முதல்முறை மாறுறதுக்கு ஃபேக்டரி, மறுகா வாற அப்டேட்டுக்கெல்லாம் மத்தது. வைஃபையில செய்யாதீங்க, வயர் குத்தி செய்யுங்க, எழுதுற அந்த ரெண்டு மூண்டு நிமிசத்துல கரண்ட் போகக்கூடாது. ஐப்பசி மாசம் பின்னேரம் வானம் இருட்டிக்கொண்டு வரக்குள்ள இந்த வேலையத் தொடங்குறவங்களுக்கு நான் பதில் எழுதுறதில்ல.

போட்டு முடிஞ்சா வைஃபையக் காணல்ல எண்டு பயப்பட வேணாம். பொதுவா அது ஓஃப்லதான் இருக்கும், பாஸ்வேர்டும் இருக்காது. வயராலேயே பிரவுசர்ல 192.168.1.1 க்குப் போய் முதல்ல பாஸ்வேர்ட் வைங்க, மறுகா வைஃபைய ஓன் பண்ணுங்க. இஞ்சதான் நிறையப் பேர் மாட்டுறது: ஃபைபர் கம்பனி தந்த பெட்டிக்கும் பலநேரம் அதே 192.168.1.1 தான் விலாசம், ரெண்டும் ஒரே விலாசத்துல நிண்டா இன்டர்நெட் வராது. உங்கட ரவுட்டரை 192.168.2.1 எண்டு மாத்திட்டு அதுக்குப் பிறகு ஃபைபர் பெட்டியில இருந்து வாற வயரை வேன் (WAN, இன்டர்நெட் உள்ள வாற) துளையில குத்துங்க. அந்த ஃபைபர் பெட்டிக்கு மட்டும் ஒண்டும் போடப் போகாதீங்க, அது அவங்கட சாமான், கெட்டுப்போனா லைனும் போச்சு.

மிச்சம் லேசு. பிரவுசர்ல திறக்கிற ரவுட்டர் செட்டிங் பக்கத்துக்குப் பேர் லூசி, அதுல சிஸ்டம், சொஃப்ட்வெயார் எண்டு போய் பிளாக்-மவுண்ட், யூஎஸ்பி ஸ்டோரேஜ், ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் டிஸ்க் ஃபோர்மட்), சாம்பா4 (ஃபைல் பங்கு போடுறது) பெக்கேஜுகளப் போட்டு, ஈஎக்ஸ்டி4 ஆக்கின பென்ட்ரைவ மவுண்ட் பண்ணி சாம்பாவுல ஷெயார் பண்ணிவிட்டா அது வீட்டுல இருக்கிற எல்லா போனுக்கும் தெரியும். யூஎஸ்பி 2.0 எண்டதால பெரிய ஸ்பீட் வராது, பாட வீடியோ பாக்க அது தாராளம்.

கேள்வி: நான் ஸ்டூடியோ நடத்துறன். ரவுட்டர்ல குத்தின 1 டிபி ஹார்ட் டிஸ்க் கரண்ட் போய் வந்தா காணாமப் போகுது. சிலநேரம் டிக் டிக் எண்டு சத்தமும் வருது. ஓபன்டபிள்யூஆர்டியத் திருப்பிப் போட்டும் பாத்தாச்சு. வேற வேர்ஷன் போடணுமா?
- கல்முனை வாசகர்

பதில்: போட வேணாம் காக்கா, சொஃப்ட்வெயார்ல ஒரு குறையும் இல்ல. யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், சுத்துற டிஸ்க் கிளம்பக்குள்ள அதவிடக் கூடக் கேட்கும், அது கிடைக்காட்டி ஊசி போய்ப் போய்த் திரும்பி வரும், அந்தச் சத்தந்தான் நீங்க கேட்கிறது. தனி அடப்டர் இருக்கிற யூஎஸ்பி ஹப் ஒண்டு வாங்கி நடுவுல போடுங்க. அதுக்குப் பிறகும் டிக் டிக் வந்தா டிஸ்க்கே போகப் பாக்குது, உடன எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு இறக்குங்க.

காணாமப் போறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நீங்க விண்டோஸ்ல பாவிச்ச டிஸ்க்க அப்படியே குத்தியிருப்பீங்க, அது என்டிஎஃப்எஸ், விண்டோஸ்ட டிஸ்க் ஃபோர்மட். எழுதிக்கொண்டிருக்கக்குள்ள கரண்ட் போனா டிஸ்க்குல ஒழுங்கா மூடல்ல எண்டு ஒரு அடையாளம் விழும், அது இருந்தா லினக்ஸ்ல இருக்கிற என்டிஎஃப்எஸ்3 டிரைவர் டிஸ்க்கத் திறக்க மாட்டன் எண்டு நிக்கும். விண்டோஸ் கொம்பியூட்டர்ல குத்தி செக்டிஸ்க் (டிஸ்க் பிழை திருத்துற கட்டளை) ஓட்டினா திரும்ப வரும், ஆனா அடுத்த கரண்ட் கட்டுக்கு இதே கதைதான். படமெல்லாத்தையும் வேற இடத்துல கொப்பி பண்ணிட்டு டிஸ்க்க ஈஎக்ஸ்டி4 ஆக்குறதுதான் எனக்குப் பிடிச்ச வழி. அதுக்கும் கரண்ட் போறது நல்லதில்ல, ஆனா ஜேர்னல் (எழுத முதல் போடுற குறிப்பு) வச்சிருக்கிறதால பெரும்பாலும் தானே சமாளிச்சு எழும்பிரும். ஒண்டு சொல்லணும், அந்த டிஸ்க்கக் கழட்டி விண்டோஸ்ல குத்தினா நேரடியா வாசிக்க ஏலாது, ரவுட்டர் வழியாத்தான் எடுக்கணும்.

2022ல 13 மணித்தியாலக் கட்டு வந்த நேரம் எல்லாரும் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்கினாங்கதானே, உங்களிட்டயும் இருக்கும். அது ரவுட்டர மட்டும் காப்பாத்தும், ஹப்புட அடப்டர் சுவர்ல கிடந்தா கரண்ட் போன உடன டிஸ்க் ஓஃபாகித்தான் போகும். 5 வோல்ட் வெளியீடும் இருக்கிற யூபிஎஸ்ஸா எடுத்து ஹப்பையும் அதுலயே போடுங்க, ஹப் கேட்கிற ஆம்பியர அது தருமா எண்டு கேட்டுட்டு வாங்குங்க. ஆக்களிட கலியாணப் படம் இருக்கிற டிஸ்க் எண்டா இன்னொரு கொப்பி கடைக்கு வெளிய, வீட்டுல இருக்கணும்.

கேள்வி: மகள் பேராதனை கம்பஸ்ல படிக்கிறா. வீட்டு ரவுட்டர்ல இருக்கிற ஃபைல்கள அங்க இருந்து எடுக்க 445 போர்ட்டத் திறந்துவிடச் சொல்லி ஒரு பொடியன் சொன்னான். செய்யலாமா?
- திருக்கோவில் வாசகி

பதில்: வேணாம் அக்கா. 2017 மே மாசம் வனாகிரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவினது அந்தப் போர்ட் (விண்டோஸ், சாம்பா ஃபைல் பங்கு போடுற வாசல்) வழியாத்தான், இண்டைக்கும் திறந்த 445 எங்க இருக்கு எண்டு தேடித் திரியிறவங்க இருக்காங்க. வயர்கார்ட் (வெளிய இருந்து வீட்டுக்குப் பூட்டின பாதை போடுற விபிஎன்) பெக்கேஜப் போட்டு மகளிட போனுக்கு ஒரு கீ குடுங்க. அதுக்கு முதல் லூசியில வேன் விலாசத்தப் பாருங்க. 192.168 எண்டு தொடங்கினா முன்னுக்கு இருக்கிற ஃபைபர் பெட்டியிலயும் வயர்கார்ட் போர்ட்ட உங்கட ரவுட்டருக்குத் திருப்பிவிடணும், அந்தப் பெட்டிட வேன் விலாசத்தையும் பாக்கணும். அது 100.64 இல இருந்து 100.127 க்குள்ள தொடங்கினா உங்கட லைன் பல வீட்டோட ஒரு விலாசத்தப் பங்கு போடுது, வெளிய இருந்து நேர வர ஏலாது, 4ஜி லைன்ல இது சர்வசாதாரணம். அப்படியெண்டா டெய்ல்ஸ்கேல் (இப்படியான லைன்லயும் ஓடுற விபிஎன்) போட்டுப் பாக்கலாம், ஆனா அது பெரிய பெக்கேஜ், 16 எம்பி ஃபிளாஷுக்குள்ள அடங்காது, பென்ட்ரைவ ஓவர்லேயா (பெக்கேஜுகள் போய் உக்காருற இடமா) மாத்திட்டுத்தான் போடணும். அதுக்கு ஒரு பழைய 8 ஜிபி பென்ட்ரைவ் காணும்.