ஹெட்போன் ஆஃபர்: 800 எஸ்ஸா, க்ளியரா?

நண்பா, சென்ஹைசர் எச்டி 800 எஸ், ஃபோகல் க்ளியர் ரெண்டும் தள்ளுபடில இருக்கு, லேப்டாப்ல நேரா சொருகித்தான் கேப்பேன், பெரும்பாலும் ராஜா, ரஹ்மான் பாட்டுன்னு சொல்றீங்க, அப்போ கண்ண மூடிட்டு க்ளியர் எடுங்க. 800 எஸ்ஸோட மின்தடை (இம்பீடன்ஸ்) 300 ஓம், சிக்னல பெருக்கித் தர்ற நல்ல ஆம்ப் இல்லாம லேப்டாப் ஜாக்ல சொருகினா வால்யூம ஃபுல்லா வச்சாலும் சப்புன்னுதான் இருக்கும், ஆம்ப் காசையும் சேத்துப் பாத்தா அந்தத் தள்ளுபடி எங்க போச்சுன்னே தெரியாது. க்ளியர் 55 ஓம்தான், லேப்டாப்லயே ஓடிடும்.

சவுண்டுன்னு பாத்தா 800 எஸ்ல ஸ்டேஜ், அதாவது பாட்டு சுத்தி விரிஞ்சு கேக்கற இடம், ரொம்பப் பெருசு, வயலின் செக்ஷன் எங்க உக்காந்திருக்குன்னு விரல நீட்டிக் காட்டலாம், ஆனா அடி பேஸ் (ரொம்பத் தாழ்ந்த ஒலி) மெலிசு. க்ளியர்ல தபேலா அடி நெஞ்சுல விழும், குரல் பக்கத்துல நிக்கும், ஸ்டேஜ் என்னவோ சின்னதுதான். க்ளியர ரொம்ப சத்தமா வச்சா அடி பேஸ்ல டிரைவர் (உள்ள இருக்கற குட்டி ஸ்பீக்கர்) டப்புன்னு தட்டும், அவ்ளோ சத்தம் காதுக்கே ஆகாது, அது வேற கதை.

ஒண்ணு மட்டும் பாருங்க, ரெண்டுமே ஓப்பன் பேக், அதாவது பின்பக்கம் திறந்தது, பக்கத்துல தூங்கறவங்களுக்கும் பாட்டு கேக்கும். ரீஃபர்பிஷ்டுன்னா (பழச சரிபண்ணி விக்கறதுன்னா) இயர்பேட் புதுசான்னு கேளுங்க, க்ளியரோட பேட் விலை ஜாஸ்தி.