14 வருஷக் கம்பெனி வேலை நின்றுவிட்டது: லேத் பட்டறைக்காரர் இனி என்ன செய்யலாம்?

கேள்வி: கோவை கணபதியில் சின்ன லேத் (கடைசல்) பட்டறை வைத்திருக்கிறேன். வயது 46. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நானும் ஒரு ஆளும். 14 வருடமாக ஒரு பம்ப் கம்பெனிக்கு மோட்டார் ஷாஃப்ட் கடைந்து கொடுத்தேன். மாதம் 1,800 ஷாஃப்ட், ஒன்றுக்கு 22 ரூபாய் கூலி, மணிக்குப் பத்து முடியும். கம்பெனியைப் பெரியவர் (பழைய முதலாளி) பார்த்துக்கொண்டிருந்தவரை ஒரு குறையும் இல்லை. இப்போது மகன் பொறுப்புக்கு வந்திருக்கிறார். புது பர்ச்சேஸ் மேனேஜர் போன மாதம் போன் செய்து, "எல்லாத்தையும் சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) பட்டறைக்கு மாத்திட்டோங்க, இனி மெட்டீரியல் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 1,38,600 ரூபாய் பில் பாக்கி நிற்கிறது. மற்ற சில்லறை வேலைகளில் மாதம் 36,000 வருகிறது. 18 ரூபாய்க்குச் செய்கிறேன் என்று கேட்டுப் பார்க்கவா? கடன் வாங்கி சிஎன்சி போடவா? லேத்தை விற்றுவிட்டு வேலைக்குப் போகவா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இரவில் தூக்கம் வருவதில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பெரியவர் வீட்டுக்குப் போவேன், இந்த வருஷம் போகலாமா என்றுகூடத் தெரியவில்லை. மாதச் செலவுக் கணக்கைத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நானும் 19 வருடம் பட்டறை நடத்தியவன். 11 வருடம் வேலை கொடுத்த ஒரு மில் ஒரு நாள் நிறுத்திக்கொண்டது. அவர்களுடைய நீலநிற கிரேட் (பெட்டி) பதினாறு என் பட்டறையில் கிடந்தன. அவற்றைக் கழுவி, துடைத்து, வாசலோரம் அடுக்கி வைத்துவிட்டு வேன் வரும் வரும் என்று மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். புது வேலை தேடிப் போகவில்லை, பழைய வேலையைப் பற்றி யாரிடமும் கேட்கவும் இல்லை. அந்த மூன்று மாதத்தில் போன பணத்தைவிட, போன நாட்கள்தான் எனக்கு இன்றும் வலிக்கிறது. நீங்கள் ஒரு மாதத்துக்குள் எழுதிவிட்டீர்கள். அதுவே பெரிய காரியம்.

முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். வாடகை 9,000, கரண்ட் 5,500, ஆள் சம்பளம் 18,000, டூல், டிப், கூலன்ட் ஆயில் 4,000, மெஷின் பராமரிப்பு 2,500, கடன் தவணை 7,000, பெட்ரோல், போன், டீ எல்லாம் சேர்த்து 4,000. மொத்தம் 50,000. இந்தப் பட்டியலில் ஒருவருடைய சம்பளம் விட்டுப்போயிருக்கிறது. உங்களுடையது. உங்கள் அளவுக்குக் கை பழகிய டர்னர் வெளியே வேலைக்குப் போனால் வாங்கக்கூடிய தொகையை 30,000 என்று வைத்துக்கொள்வோம். அப்போது 80,000.

இரண்டு லேத், 25 நாள், எட்டு மணி நேரம் என்றால் 400 மணி. ஜாப் மாட்டுவது, அளவு பார்ப்பது, டூல் தீட்டுவது, கரண்ட் போவது, மெட்டீரியல் எடுத்து வருவது எல்லாம் போக, மெஷின் உண்மையிலேயே வேலை செய்து கூலி சம்பாதிப்பது 260 மணி நேரம் இருந்தால் அதிகம். 80,000-ஐ 260-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 308 ரூபாய். உங்கள் பட்டறை நஷ்டமில்லாமல் ஓட வேண்டிய விலை அது.

கம்பெனி கொடுத்தது? மணிக்குப் பத்து ஷாஃப்ட், 22 ரூபாய் வீதம் 220. ஆக, மாதம் 180 மணி நேரத்தை எடுத்துக்கொண்டு 39,600 கொடுத்திருக்கிறார்கள். மீதி 80 மணி நேரத்தில் நீங்கள் செய்த சில்லறை வேலை 36,000 கொண்டுவந்திருக்கிறது, அதாவது மணிக்கு 450. மெஷின் நேரத்தில் பத்துக்கு ஏழு பங்கு கம்பெனிக்குப் போனது, வருமானத்தில் பாதியைத்தான் அது கொடுத்தது.

கம்பெனிக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தினமும் வேன் வந்தது, தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. ஆனால் 14 வருடமாக உங்கள் கூலியை அவர்கள்தான் நிர்ணயித்தார்கள். எவ்வளவு வேலை, எப்போது பணம் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். உங்களுடைய விலை என்ன என்று நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த தொழில்காரர்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் போன பிறகுதான், விலை சொல்லும் பழக்கமே நமக்கு இல்லாமல் போயிருந்தது தெரியும். உங்கள் கைவேலையில் குறை என்று அந்த போனில் யாரும் சொல்லவில்லை, கவனியுங்கள். இப்போது புதிதாகக் கற்க வேண்டியது விலை சொல்வதும் ஆள் தேடுவதும்தான்.

இனி 18 ரூபாய்க் கேள்வி. சும்மா கிடக்கிற மெஷினுக்கு மணிக்கு 180 வந்தாலும் லாபம்தானே என்று தோன்றும். இரண்டு மாதத்துக்கு அது உண்மையும்கூட. கரண்டும் டூலும் மணிக்கு 40 ரூபாய்க்குள் அடங்கும், மீதி கையில் நிற்கும். ஆனால் 18 என்று நீங்களே வாயால் சொல்லிவிட்டால் மறுபடி 22 வராது. அதைவிட, புது ஆளைத் தேட வேண்டிய 180 மணி நேரத்தை அதே வேலை திரும்பவும் விழுங்கிவிடும். அடுத்த வருடம் இன்னொரு போன் வரும். வேண்டாம்.

சரி, போன வேலைக்கு ஈடாக எவ்வளவு வேலை பிடிக்க வேண்டும்? 180 மணி நேரத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. மணிக்கு 450 வீதம் 88 மணி நேரம் கிடைத்தால் அதே 39,600 வந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம். சில்லறை வேலையில் பேரம், கடன், ஒழுங்கில்லாமல் வருவது என்று தொல்லைகள் உண்டு, நீங்களே அறிவீர்கள். ஆனாலும் இது எட்டக்கூடிய எண்.

அந்த மூன்றரை மணி நேரம் எங்கே இருக்கிறது? 14 வருடத்தில் "கம்பெனி வேலை இருக்குங்க, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்! அவர்களில் ஞாபகம் வருகிறவர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். கிரைண்டர் ஷாஃப்ட் கொண்டுவந்தவர், தறிக்கு ரோலர் கேட்ட சோமனூர்க்காரர், கயிறு மில் பொள்ளாச்சிக்காரர், கம்ப்ரஸர் மெக்கானிக். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "இப்ப நேரம் இருக்குங்க, அவசர வேலைன்னா அன்னைக்கே முடிச்சுத் தரேன்" என்று சொல்லுங்கள். மெஷின் நின்றுபோய் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிற இடத்தில், ஒரு ஷாஃப்டை அன்று சாயங்காலமே கொடுப்பவருக்கு யாரும் 22 ரூபாய் கணக்குப் பார்ப்பதில்லை. பிரேக்டவுன் வேலையின் பலம் அதுதான்.

இன்னொரு இடமும் இருக்கிறது, கேட்டால் சங்கடப்படுவீர்கள். உங்கள் வேலையை எடுத்துக்கொண்ட அந்த சிஎன்சி பட்டறை. ஐந்து பீஸ், பத்து பீஸ் வேலைக்கு சிஎன்சியில் புரோகிராம் எழுதி செட்டிங் போடுகிற நேரமே கட்டுப்படியாகாது. சாம்பிள், ரீவொர்க், டிரில் போடுவது, ஜாப்பைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சருக்கு வேண்டிய சின்ன பாகங்கள் எல்லாம் வெளியே கொடுக்கத்தான் பார்ப்பார்கள். அவர்மேல் கோபம் இருந்தாலும் ஒரு நாள் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவர் உங்கள் வேலையைத் திருடவில்லை, கூப்பிட்டார்கள், போனார்.

சிஎன்சி கடன் இப்போது வேண்டாம். கையில் ஆர்டர் இல்லாமல் தவணையை மட்டும் முதலில் வரவழைத்துக்கொள்வது ஆபத்து. ஆறு மாதம் கழித்து நான்கைந்து பேரிடமிருந்து ஒரே மாதிரி வேலை வந்தால் அப்போது பேசலாம். லேத்தையும் விற்காதீர்கள். கஷ்ட காலத்தில் விற்கிறோம் என்று தெரிந்தால் பழைய இரும்பு விலைதான் கேட்பார்கள்.

இனி பாக்கி. இதைத்தான் இந்த வாரமே தொடங்க வேண்டும். ஷாஃப்ட் வேலை நின்றதால் கரண்டிலும் டூலிலும் மாதம் 5,500 அளவுக்குக் குறையும், செலவு 44,500-க்கு வரும். (கரண்ட் பில்லில் லோடுக்கான நிலைக் கட்டணம் மெஷின் ஓடாவிட்டாலும் வரும், அதை மறக்க வேண்டாம்.) 36,000 வரவு போகப் பள்ளம் 8,500, வீட்டுச் செலவு 25,000, ஆக மாதம் 33,500 வேண்டும். 1,38,600 முழுதாக வந்தால் நான்கு மாதம் மூச்சு விடலாம். புது வேலை பிடிக்க உங்களுக்குக் கிடைக்கும் அவகாசமே அந்தப் பாக்கிதான்.

பணம் கேட்கும் முன் அவர்கள் பொருளைத் திருப்பிக் கொடுங்கள். மிச்ச ராடு, கேஜ், ஃபிக்ஸ்சர், டிராயிங், கிரேட் எல்லாவற்றையும் எண்ணி, டெலிவரி சலான் போட்டு, ஸ்டோர்ஸில் கையெழுத்தும் சீலும் வாங்கி ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். வேலை நின்ற பிறகு "மெட்டீரியல் ஷார்ட்டேஜ்" என்று சொல்லி பில்லில் பிடிப்பது நம் ஊரில் புதிதில்லை. வந்த எடை, போன பீஸ், ரிஜெக்‌ஷன் மூன்றையும் நீங்களே முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. அப்புறம் பர்ச்சேஸை விட்டுவிட்டு அக்கவுண்ட்ஸுக்குப் போங்கள். பில் நம்பர், தேதி, தொகை போட்ட ஒரு பட்டியல் கொடுத்து, "எங்கள் கணக்குப்படி பாக்கி இவ்வளவு, சரிபார்த்துச் சொல்லவும்" என்று எழுதி, பதிலை மெயிலிலோ கையெழுத்திலோ வாங்குங்கள். பணக் கடனுக்கு வழக்குப் போடும் கெடு மூன்று வருடம். அதற்குள் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டால் கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

2021-லேயே உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்துவிட்டதாகச் செலவுக் கணக்கின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு நல்ல பிடி. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், 2006-ன்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. இதுபோக, 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், உங்களைப் போன்றவர்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும்வரை கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு என்று ஆடிட்டர்கள் சொன்னது இதைத்தான். எனவே உத்யம் நம்பரைப் பட்டியலின் மேலேயே போடுங்கள். மிரட்டவே வேண்டியதில்லை, அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்குப் பார்த்ததும் புரியும். அதற்கும் அசையவில்லை என்றால் இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கு, மத்திய எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அமைச்சகத்தின் இணையதளம் வழியாக மனு போடலாம். கோவையிலேயே கவுன்சில் இருக்கிறது. அங்கே வரும் தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஆனால் இது கடைசிப் படி. பெரும்பாலும் பட்டியலும் இரண்டு நேரடிச் சந்திப்புமே போதும்.

உங்கள் ஆளிடமும் உண்மையைச் சொல்லுங்கள். இரண்டு மாதம் சம்பளத்துக்கு உறுதி தரலாம், அதற்கு மேல் பார்க்க வேண்டும் என்று நேராகச் சொன்னால் போதும். மறைத்தால் பக்கத்துப் பட்டறையில் கேட்டுத் தெரிந்துகொள்வார், அடுத்த நாள் வர மாட்டார்.

வீட்டில் சொல்லாததைப் பற்றி. அவமானமாக இருக்கும், தெரியும். நான் சொல்லாமல் வைத்திருந்தபோது, காலையில் அதே நேரத்துக்கு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய், வேலையில்லாத பட்டறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். தெரிந்த நாள் வீட்டில் கோபம் வந்தது வேலை போனதற்காக இல்லை, அந்தக் கேரியருக்காக. "நான்கு மாதத்துக்கு வழி இருக்கு, மாதம் 25,000-க்குள் நடத்தணும்" என்று எண்ணோடு சொல்லுங்கள். எண் இருந்தால் பயம் ஒரு அளவுக்குள் நிற்கும். இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் வராவிட்டால், அல்லது மனது ரொம்பக் கீழே போனால், 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். டாக்டரைப் பார்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தூக்கமில்லாத கண்ணோடு லேத்தில் சுழலும் சக் முன்னால் நிற்பது உங்கள் கைக்கும் ஆபத்து.

கடைசியாக, ஆயுத பூஜை. போங்கள். எப்போதும்போல பொரியும் பழமும் எடுத்துக்கொண்டு, வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வேலையை நிறுத்தியது பெரியவர் இல்லை, ஒருவேளை அவருக்கு விஷயம் தெரியாமலேகூட இருக்கலாம். அவராகக் கேட்டால் நடந்ததைக் குறை சொல்லாமல் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் யாருக்காவது அவசர லேத் வேலை இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள், அவர் சொன்னால் நான்கு பேர் வருவார்கள். பில் பாக்கியை அன்று எடுக்க வேண்டாம். அது அக்கவுண்ட்ஸில் தன் வழியில் நடந்துகொண்டிருக்கட்டும்.